இனி கேட்க மாட்டேன்: குவிட்கிளெய்ம் என்ற பழைய ஆங்கிலப் பத்திரம்

1189 டிசம்பரில் இங்கிலாந்தின் புது அரசர் முதலாம் ரிச்சர்டுக்குக் கடுமையான பணமுடை. முடிசூடி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சிலுவைப் போருக்குப் புறப்பட வேண்டும். கப்பல், குதிரை, ஆள், தீனி என்று செலவு வரிசைகட்டி நின்றது. பதவிகள், பட்டங்கள், சலுகைகள் என்று கையில் இருந்ததை எல்லாம் விற்றுக் காசாக்கினார். அந்த வரிசையில் ஸ்காட்லாந்து அரசர் வில்லியமுக்கும் ஒன்றை விற்றார். விலை 10,000 மார்க் வெள்ளி. மார்க் என்பது நாணயம் கிடையாது, கணக்குக்கு வைத்துக்கொண்ட அளவு. 13 ஷில்லிங் 4 பென்னி ஒரு மார்க். அப்படிப் பார்த்தால் 6,666 பவுண்டுக்குச் சற்று மேல். அந்தக் காலத்துக்கு அது ஒரு நாட்டையே உலுக்கும் தொகை.

இவ்வளவு கொடுத்து வில்லியம் வாங்கியது என்ன? ராக்ஸ்பரோ, பெர்விக் என்ற இரண்டு கோட்டைகள் திரும்பக் கிடைத்தன, சரி. ஆனால் உண்மையான சரக்கு வேறு. பதினைந்து வருடம் முன்னால், 1174இல், வில்லியம் வட இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வந்து ஆல்னிக் அருகே பிடிபட்டிருந்தார். ரிச்சர்டின் தந்தை இரண்டாம் ஹென்றி அவரை நார்மண்டியில் ஃபலேஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோய், ஸ்காட்லாந்தை இங்கிலாந்து அரசருக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆள்வேன் என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகே விடுவித்தார். அந்த ஒப்புதலைத்தான் இப்போது ரிச்சர்ட் காசு வாங்கிக்கொண்டு ரத்து செய்தார். என் தந்தை உங்களிடமிருந்து பெற்ற உரிமையை விட்டுவிட்டேன், இனி கேட்க மாட்டேன் என்று டிசம்பர் 5ஆம் தேதி கேன்டர்பரியில் எழுதிக் கொடுத்தார். வரலாற்று நூல்களில் இதன் பெயர் கேன்டர்பரி குவிட்கிளெய்ம்.

குவிட்கிளெய்ம் என்றால் அவ்வளவுதான். ஒரு சொத்தின் மேலோ ஒரு ஆளின் மேலோ எனக்கு இருந்த, இருக்கிற, இனிமேல் வரக்கூடிய உரிமையை விட்டுவிட்டேன். நானோ என் வாரிசுகளோ அதைக் கேட்டு வரமாட்டோம் என்று எழுதி, முத்திரை வைத்து, இன்னாருக்கு என்று கொடுப்பது. சொல், இங்கிலாந்தைப் பிடித்து ஆண்ட நார்மன்கள் பேசிய பிரெஞ்சிலிருந்து வந்தது. பத்திரம் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். நம்மூர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அக்கா, தங்கைகள் அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் முகஜாடை பிடிபட்டுவிடும். ஆச்சரியமில்லை. பிரிட்டிஷ் ஆட்சியோடு இங்கே வந்த சட்ட வடிவங்களில் அதுவும் ஒன்று. பழைய ஆங்கிலப் பத்திரத்துக்கு அது ஒருவகையில் பேரன்.

இதில் முதலில் கவனிக்க வேண்டியது, பத்திரம் எதைச் சொல்லவில்லை என்பதை. கிரயப் பத்திரத்தில் விற்பவர் "இந்தச் சொத்து என்னுடையது, வில்லங்கம் ஏதுமில்லை, பின்னால் ஏதாவது வந்தால் நானே முன்னின்று தீர்த்துத் தருகிறேன்" என்பார். குவிட்கிளெய்ம் எழுதுபவர் சொத்து தன்னுடையது என்று எங்கேயும் சொல்வதில்லை. எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, இருந்தால் அதை விட்டேன். இல்லையென்றால்? அதற்கும் பத்திரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. உரிமையே இல்லாதவர் விட்டுக்கொடுத்தால் வாங்கியவருக்குக் கிடைப்பது அந்த ஒரு ஆளின் வாயடைப்பு மட்டும்.

வெறும் வாயடைப்புக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? அதற்கு அந்தக் காலத்து இங்கிலாந்தில் நிலம் எப்படிக் கை மாறியது என்று தெரிய வேண்டும்.

அங்கே நிலத்துக்குப் பதிவு அலுவலகம் இல்லை, பட்டா இல்லை. நிலத்தைக் கொடுப்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்துக்கே போவார்கள். அக்கம்பக்கத்தார் பார்க்க, கொடுப்பவர் ஒரு பிடி மண்ணையோ புல்கட்டியையோ ஒரு சிறு கிளையையோ எடுத்து வாங்குபவர் கையில் வைப்பார். அதோடு சுவாதீனம் மாறிவிட்டது. இந்தச் சுவாதீனத்துக்கு அவர்கள் வைத்த பெயர் சீசின். எழுத்து என்பது நடந்ததற்கு ஒரு ஞாபகக் குறிப்பு. நிலத்தைக் கை மாற்ற எழுத்து வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தியது 1677இல்தான்.

சுவாதீனம் மாறிவிட்டது, உரிமை மாறியதா? அங்கேதான் சிக்கல். ஒரே நிலத்தின் மேல் பலருக்குப் பாத்தியதை இருக்கும். மேலே ஒரு பிரபு, அவருக்கு மேலே இன்னொரு பிரபு, கடைசியில் அரசர். பக்கவாட்டில் விற்றவரின் வாரிசுகள். கணவன் இறந்தால் மனைவிக்கு வாழ்நாள் முழுக்க அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அது மனைவியின் சம்மதம் இல்லாமல் கணவன் எப்போதோ விற்றுவிட்ட நிலத்தையும் தொடரும். தாத்தா காலத்தில் யாரோ பிடுங்கிக்கொண்ட நிலம் என்று பேரன் வழக்குப் போடலாம்.

எவ்வளவு காலம் வரை பின்னோக்கிப் போகலாம்? 1275இல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அதற்கு ஒரு கோடு கிழித்தது: உரிமை வழக்கில் ரிச்சர்ட் முடிசூடிய 1189க்கு முன்னால் நடந்ததைக் கிளறக் கூடாது. அந்த நேரத்தில் அது நியாயமான கோடுதான், எண்பத்தாறு வருடம். வேடிக்கை என்னவென்றால், அந்த எல்லையை அதற்குப் பிறகு யாரும் நகர்த்தவே இல்லை. 1540இல் எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் 60 வருடம் என்று மாற்றும் வரை அதே 1189. ஆக 1500இல் நிலம் வாங்கிய ஒருவரைத் தேடி, ஏட்டளவிலாவது, முந்நூறு வருடப் பழைய பாத்தியதை ஒன்று வரலாம். இப்படி ஒரு ஊரில் நிலம் வைத்திருப்பவருக்கு, கேட்டு வரக்கூடிய ஒவ்வொருவரிடமும் "இனி கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி வைப்பது வீண்செலவாகத் தோன்றியிருக்காது. கேட்டு வருபவரிடம் நியாயம் இருக்கிறதா என்று நீதிமன்றத்தில் போராடிப் பார்ப்பதைவிட நாலு காசு கொடுத்து எழுதி வாங்குவது மலிவு. அதனால்தான் பழைய மடங்களின், பிரபுக் குடும்பங்களின் பெட்டிகளில் ஒரே நிலத்துக்குப் பல குவிட்கிளெய்ம்கள் சேர்ந்து கிடக்கின்றன. விற்றவரிடம் ஒன்று, அவர் தம்பியிடம் ஒன்று, விற்றவர் இறந்ததும் விதவையிடம் ஒன்று, மகன் வளர்ந்து பெரியவனானதும் அவனிடம் ஒன்று.

பத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் பல சமயம் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். ஆட்டுத்தோலைப் பதப்படுத்திச் செய்த தாள். பத்துப் பன்னிரண்டு வரி நெருக்கமான எழுத்து. இடத்தை மிச்சப்படுத்த லத்தீன் சொற்களைப் பாதியில் வெட்டி மேலே கோடு போட்டிருப்பார்கள். கீழே தோலை மடித்து, மடிப்பில் ஒரு கீறல் போட்டு, தோல்வார் ஒன்றைக் கோத்து, அதில் மெழுகு முத்திரை தொங்கும். பச்சை மெழுகோ பழுப்போ, ஒரு நாணயம் அளவு.

வாசகம் ஏறக்குறைய மந்திரம் மாதிரி எல்லாவற்றிலும் ஒன்றுதான். "இதனால் எல்லோரும் அறிக" என்று தொடங்கும். இன்னார் மகன் இன்னாராகிய நான், இன்னாருக்கு, இந்த ஊரில் இந்த நிலத்தில் எனக்கு இருந்த, இருக்கிற, எவ்வகையிலேனும் இனி இருக்கக்கூடிய உரிமை, பாத்தியதை அனைத்தையும், என் சார்பிலும் என் வாரிசுகள் சார்பிலும், என்றென்றைக்கும் துறந்தேன், தளர்த்தினேன், விட்டொழித்தேன். மூன்று வினைச்சொல் எதற்கு? ஒன்றே போதும்தான். ஆனால் வக்கீல்கள் எந்தக் காலத்தில் ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கிறார்கள்? ஒரு சொல்லில் ஓட்டை இருந்தால் அடுத்தது அடைக்கட்டும் என்ற பயம்.

அப்புறம் பத்திரத்தின் உயிர்நாடியான வரி வரும். இதன் பிறகு நானோ, என் வாரிசுகளோ, எங்கள் பெயரில் வேறு யாருமோ அந்த நிலத்தில் எதையும் கேட்கவோ உரிமை கொண்டாடவோ முடியாது, எல்லா வழக்குகளிலிருந்தும் நாங்கள் என்றென்றைக்கும் விலக்கப்பட்டவர்கள். நம்மூர் பத்திரத்தில் "எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை" என்று எழுதுகிறார்களே, அதே இடம். கடைசியில் சாட்சிகள் பெயர், ஊர், தேதி. தேதி எண்ணில் இருக்காது. எட்வர்ட் அரசரின் இத்தனாவது ஆண்டு, புனித மைக்கேல் திருநாளுக்கு அடுத்த செவ்வாய் என்று இருக்கும்.

எழுதிக் கொடுப்பவர் கையெழுத்துப் போட மாட்டார், பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. முத்திரைதான் எல்லாம். 13ஆம் நூற்றாண்டில் சாதாரணக் குடியானவரிடம்கூட ஒரு சின்ன முத்திரை இருந்தது; ஒரு பூ, ஒரு நட்சத்திரம், சுற்றிலும் பெயர். என் முத்திரை பலருக்குத் தெரியாது என்பதால் நகர மேயரின் முத்திரையையும் வைக்கச் செய்தேன் என்று ஒரு வரி சில பத்திரங்களில் வரும். ஆள் யாரென்று தெரியாத ஊரில் தன் மெழுகுக்கு மதிப்பில்லை என்று அந்த மனிதருக்கே தெரிந்திருக்கிறது. இந்தப் பத்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்பது வாசகத்தைப் பொறுத்தது. ரிச்சர்டின் பத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியமைச் சிறைப்பிடித்ததால் தன் தந்தை பெற்ற புது உரிமைகளைத்தான் அவர் விட்டார். வில்லியமின் அண்ணன் மால்கம் முன்பு இங்கிலாந்து அரசர்களுக்குச் செய்ததும் செய்ய வேண்டியதும் எதுவோ அதை வில்லியமும் செய்வார் என்று ஒரு வரியை உள்ளே வைத்திருந்தார்கள். மால்கம் என்ன செய்ய வேண்டியிருந்தது? இங்கிலாந்தில் அவருக்கு இருந்த நிலங்களுக்கு மட்டும் மரியாதை செலுத்த வேண்டியிருந்ததா, ஸ்காட்லாந்துக்கும் சேர்த்தா? அதைத் தெளிவாக எழுதாமல் விட்டார்கள். அவசரத்திலா, வேண்டுமென்றேவா என்று யார் சொல்ல முடியும்? 1291இல் முதலாம் எட்வர்ட், ஸ்காட்லாந்தின் மேலாண்மை தன்னுடையதே என்று மறுபடியும் கேட்டு வந்தார்.

ஒரு விதி தொடக்கத்தில் குழப்பும். குவிட்கிளெய்மை நினைத்தவருக்கெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது. நிலம் ஏற்கெனவே யார் கையில் இருக்கிறதோ, அல்லது அதில் ஏற்கெனவே யாருக்குப் பங்கு இருக்கிறதோ, அவருக்குத்தான் செல்லும். ஆலிஸ் என்பவரின் நிலத்தை ராபர்ட் என்பவர் அடாவடியாகப் பிடித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். நிலம் ராபர்ட்டிடம், உரிமை ஆலிஸிடம். ஆலிஸ் அந்த உரிமையை ராபர்ட்டுக்கே விட்டுக்கொடுத்தால், அதுவரை திருடனாக இருந்த ராபர்ட் அந்த நிமிடம் முழு உரிமையாளர் ஆகிவிடுவார். மண்ணைக் கையில் வைக்கும் சடங்குகூடத் தேவையில்லை, மண் ஏற்கெனவே அவரிடம்தானே இருக்கிறது. ஆனால் ஆலிஸ் அதே உரிமையை ஹியூ என்ற மூன்றாம் ஆளுக்கு எழுதிக் கொடுத்தால் அந்தத் தோல் செல்லாக்காசு. ஹியூவிடம் நிலமும் இல்லை, பங்கும் இல்லை. அவருக்குக் கிடைப்பது வழக்குப் போடும் வாய்ப்பு மட்டும்தான். வழக்கை விலைக்கு விற்க அந்தக் காலத்துச் சட்டம் விடவில்லை. காரணம் கொள்கை மட்டும் இல்லை. விட்டிருந்தால், ஆள்பலமும் நீதிமன்றத்தில் செல்வாக்கும் உள்ள பெரிய மனிதர்கள் ஏழைகளின் பாத்தியதைகளை மொத்தமாக வாங்கி அக்கம்பக்கத்து நிலங்களை எல்லாம் வளைத்திருப்பார்கள். (இந்தியாவில் சட்டம் சற்று வளைந்து கொடுத்தது. விடுதலைப் பத்திரம் என்று தலைப்புப் போட்டிருந்தாலும், உரிமையை மாற்றும் எண்ணம் வாசகத்தில் தெளிவாக இருந்தால் அதைக் கிரயம்போல் ஏற்கலாம் என்று 1960களில் உச்ச நீதிமன்றம் சொன்னது.)

இதனால்தான் குவிட்கிளெய்மை உரிமையைத் துறப்பது என்று சொல்வதா, மாற்றிக் கொடுப்பது என்று சொல்வதா என்ற தடுமாற்றம் அகராதிகளிலேயே இருக்கிறது. எழுதுபவர் பக்கம் பார்த்தால் துறப்பு. வாங்குபவர் பக்கம் பார்த்தால் தன் கையில் பாதியாக இருந்தது முழுதாகிவிட்டது.

பெண்கள் எழுதிய குவிட்கிளெய்ம்கள் தனிக்கதை. கணவன் உயிரோடு இருக்கும்போது மனைவி எழுதிக் கொடுத்தது அவளைக் கட்டாது. கணவனுக்குப் பயந்து எழுதினாள் என்று பின்னால் சொல்ல இடமுண்டு. அதனால் வாங்குபவர்கள் காத்திருந்தார்கள். விதவைகள் எழுதிய பத்திரங்களில் "என் தூய விதவைக் கோலத்திலும் சட்டப்படியான சுய அதிகாரத்திலும்" என்று ஒரு தொடர் தவறாமல் வரும். அதற்குப் பொருள், இப்போது என்னை அதட்ட யாருமில்லை, இது என் சொந்த முடிவு என்பது.

எழுதித் தர மாட்டேன் என்று சொல்லும் அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்திக்கொண்டவர் எலினோர், மூன்றாம் ஹென்றி அரசரின் தங்கை. (அவர் அப்போது விதவை கிடையாது, சைமன் டி மான்ட்ஃபர்ட் என்ற இரண்டாம் கணவர் உயிரோடுதான் இருந்தார், கூடவே நின்றார்.) 1258இல் ஹென்றியும் பிரான்சின் ஒன்பதாம் லூயியும் சமாதானம் பேசினார்கள். நார்மண்டி, ஆன்ஜூ, மேன், பொய்டூ ஆகிய பகுதிகள் ஹென்றியின் தந்தை காலத்திலும் அவர் காலத்திலும் இங்கிலாந்தின் கையைவிட்டுப் போனவை. அவற்றின் மேல் உரிமை கோருவதை ஹென்றி விட்டுவிட வேண்டும், பதிலுக்குப் பணமும் வேறு நிலங்களும் கிடைக்கும் என்று பேச்சு. லூயி விவரமானவர். ஹென்றி மட்டும் விட்டால் போதாது, அதே தந்தைக்குப் பிறந்த மற்றவர்களும் தனித்தனியாக விட்டுத்தர வேண்டும் என்றார்.

எலினோர் மாட்டேன் என்றார். அவருடைய முதல் கணவர் பெம்புரோக் பிரபு வில்லியம் மார்ஷல் 1231இல் இறந்தபோது அவருக்குச் சேர வேண்டிய விதவைப் பங்கை அண்ணன் சரியாக வாங்கித் தரவில்லை, ஆண்டுக்கு 400 பவுண்டு என்று மலிவாக முடித்துவிட்டார் என்பது அவருடைய கால் நூற்றாண்டுக் குறை. அந்தக் கணக்கைத் தீர், அப்புறம் நார்மண்டியை விடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நார்மண்டி அவர் கையில் வர ஒரு வாய்ப்பும் இல்லை; அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு நாட்டு அரசர்களின் ஒப்பந்தம் அவருடைய ஒரு முத்திரைக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்துக் கிடந்தது. கடைசியில் லூயி, ஹென்றிக்குத் தர வேண்டிய பணத்தில் 15,000 மார்க்கை அந்தத் தகராறு தீரும்வரை பிடித்துவைக்கிறேன் என்று வழி கண்டுபிடித்தார். 1259 டிசம்பர் 4ஆம் தேதி பாரிசில் எலினோர் உரிமையைத் துறந்தார். அதே நாள் ஒப்பந்தமும் நிறைவேறியது. ஒன்றுமில்லாத உரிமைக்கும் விலை உண்டு, அதை விட்டுத்தர வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான் பாக்கி என்றால்.

தனியார் பத்திரம் தொலையலாம், எலி கடிக்கலாம், போலி என்று மறுக்கப்படலாம். அதற்கு ஒரு கெட்டிக்கார வழி இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் பேசிவைத்துக்கொண்டு அரசர் நீதிமன்றத்தில் பொய்யாக ஒரு வழக்குப் போடுவார்கள். உடனே சமரசம் ஆகிவிட்டது என்பார்கள். ஒருவர் நிலத்தின் உரிமையை ஒப்புக்கொண்டு குவிட்கிளெய்ம் செய்வார். பதிலுக்கு மற்றவர் இத்தனை பணமோ, சில சமயம் ஒரு சிட்டுப்பருந்தோ கொடுத்தார் என்று எழுதுவார்கள். வேட்டைக்குப் பழக்கும் சின்னப் பருந்து அது. ஆவணங்களில் அது அடிக்கடி வருவதைப் பார்த்தால் நிஜமாகவே இத்தனை பருந்துகள் கை மாறினவா என்று சிரிப்பு வருகிறது, பெரும்பாலும் பேருக்குத்தான்.

அந்தச் சமரசத்தை ஒரே தோலில் மூன்று முறை எழுதி, நடுவே வளைந்து வளைந்து வெட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று, அடியில் உள்ள மூன்றாவது துண்டு அரசக் கருவூலத்துக்கு. யாராவது ஏமாற்றினால் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும், வெட்டு பொருந்த வேண்டும். மூன்றாவது துண்டை வைக்கும் பழக்கம் 1195 ஜூலை 15ஆம் தேதி தொடங்கியது. ஏற்பாடு செய்தவர் அரசரின் தலைமை நீதி அதிகாரி ஹியூபர்ட் வால்டர். அந்த முதல் பத்திரத்தில் ஒரு தரப்பு அவருடைய சொந்தச் சகோதரர் தியோபால்ட் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த நாடகத்துக்குள் திருமணமான பெண்களுக்கும் வழி இருந்தது: நீதிபதி மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, மனமொப்பித்தான் விட்டுத்தருகிறாயா என்று கேட்பார். ஆம் என்றால் அது அவளைக் கட்டும். 1833இல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை பொய் வழக்குகள் அறுநூறு வருடத்துக்கு மேல் நடந்தன. கருவூலத் துண்டுகள் இன்றும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நிலத்துக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். அடிமைநிலைக் குடியானவரை, அவர் சந்ததியோடும் உடைமைகளோடும், ஒரு பிரபு ஒரு மடத்துக்குக் குவிட்கிளெய்ம் செய்த பத்திரங்கள் உண்டு. மனிதனைக் கால்நடைக் குட்டிகளோடு எண்ணும் சொல்லைத்தான் சந்ததிக்குப் போட்டிருப்பார்கள். வியாபாரிகள் கணக்கு முடித்ததும் ஒருவருக்கொருவர் பொது விடுதலை எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு தொடர் வரும்: "உலகம் தோன்றிய நாள் முதல் இந்தப் பத்திரம் எழுதிய நாள் வரை" என்னிடம் உனக்கு எதிராக இருக்கும் எல்லா வழக்குகளையும் விட்டேன். இதைவிடப் பின்னால் போக முடியாது. நியூயார்க்கில் வக்கீல்கள் பயன்படுத்தும் விடுதலைப் படிவத்தில் இந்தத் தொடர் இன்னும் இருக்கிறது.

இப்படி ஆள் மேலுள்ள வழக்குகளை விட்டுத்தரும் பத்திரம் ஒன்றுதான் ஆங்கில இலக்கிய ஆய்வாளர்களை ஒன்றரை நூற்றாண்டு அலைக்கழித்தது. 1380 மே 4ஆம் தேதி சான்சரி என்ற அரச எழுத்தகத்தின் தோல்சுருளில் ஒரு பத்திரம் பதிவானது. காலமான வில்லியம் ஷாம்பெய்ன் என்பவரின் மகள் செசிலி, ஜெஃப்ரி சாசருக்கு எழுதிக் கொடுத்தது. 'கேன்டர்பரி கதைகள்' எழுதிய கவிஞர் சாசரேதான், அப்போது லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கத்தைக் கண்காணிக்கும் அரசு வேலையில் இருந்தார். "என் ராப்டஸ் குறித்தும் வேறு எந்த விஷயம் குறித்தும்" அவர் மேல் எனக்கு இருக்கும் எல்லா வழக்குகளையும் விட்டேன் என்கிறார் செசிலி. சாட்சிகள் சாமானியர்கள் இல்லை: வில்லியம் பீச்சம், ஜான் கிளான்வோ, வில்லியம் நெவில் ஆகிய அரசவை வீரர்கள், லண்டன் மேயராக இருந்த ஜான் ஃபிலிபோட்.

ராப்டஸ் என்ற லத்தீன் சொல் பலாத்காரத்தையும் குறிக்கும், கடத்திக்கொண்டு போவதையும் குறிக்கும். 1873இல் ஃபர்னிவால் என்ற ஆய்வாளர் இந்தப் பதிவைக் கண்டெடுத்த நாளிலிருந்து சாசரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. செய்திருக்க மாட்டார் என்று சிலர் சப்பைக்கட்டுக் கட்டினார்கள். பணம் கொடுத்து வாயை அடைத்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். 1993இல் கிறிஸ்டபர் கேனன் இன்னொரு பதிவைக் கண்டுபிடித்தார்: மூன்று நாள் கழித்து வேறொரு நீதிமன்றத்தில் அதே விடுதலை குறித்து எழுதியதில் அந்தச் சொல் மட்டும் காணோம். சந்தேகம் இன்னும் கூடியது.

2022 அக்டோபரில் யூவன் ரோஜர், செபாஸ்டியன் சொபெக்கி என்ற இருவர் அதே வழக்கின் வேறு தாள்களை வெளியிட்டார்கள். தாமஸ் ஸ்டாண்டன் என்பவர் 1379இல் சாசர், செசிலி இருவர் மேலும் சேர்த்து வழக்குப் போட்டிருக்கிறார். செசிலி என் வேலையை விட்டுப் போய்விட்டாள், சாசர் அவளை வைத்துக்கொண்டு திருப்பி அனுப்ப மறுக்கிறார் என்பது புகார். 1348இலும் அடுத்த ஆண்டும் வந்த கொள்ளைநோயில் ஆட்கள் மடிந்து, வேலைக்கு ஆள் கிடைக்காமல் போனபோது, தவணை முடியும் முன் வேலையாள் போகக் கூடாது, வேறொருவர் இழுத்துக்கொள்ளவும் கூடாது என்று 1351இல் சட்டம் போட்டிருந்தார்கள். அதன்கீழ் வந்த வழக்கு. அப்படியென்றால் சாசரும் செசிலியும் எதிரெதிர்க் கட்சி இல்லை, ஒரே பக்கம் நின்ற பிரதிவாதிகள். அந்த வழக்கைச் சமாளிக்கவே செசிலியிடம் விடுதலை எழுதி வாங்கினார்கள் என்பது இவர்கள் வாதம். எல்லோரும் இதோடு திருப்தி அடைந்துவிடவில்லை, விவாதம் நடக்கிறது.

எனக்குத் தோன்றுவது, நூற்றைம்பது வருடமாகப் பலர் அந்தத் தோலை ஒப்புதல் வாக்குமூலமாகவோ நிரபராதிச் சான்றிதழாகவோ படிக்கப் பார்த்தார்கள் என்பதே. அந்த இரண்டும் அதில் இருக்க வாய்ப்பில்லை. எழுதிய எழுத்தரின் வேலை, செசிலி பின்னால் எந்தெந்தப் பெயரில் வழக்குப் போடக்கூடுமோ அவற்றை எல்லாம் பட்டியல் போட்டு அடைப்பது. அடைத்த கதவுக்குப் பின்னால் ஆள் இருந்தாரா என்று அவர் கேட்கவும் மாட்டார், எழுதவும் மாட்டார்.

இங்கிலாந்தில் இந்தப் பெயர் இன்று பெரும்பாலும் சரித்திர ஆய்வாளர் வாயில்தான். அமெரிக்காவில் குவிட்கிளெய்ம் டீட் அன்றாடப் பத்திரம். விவாகரத்தில் கணவன் வீட்டை மனைவிக்கு விட, அண்ணன் தன் பங்கைத் தம்பிக்கு விட, பழைய பத்திரத்தில் பெயர்ப் பிழையைத் திருத்த என்று ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். சட்டக் கல்லூரிகளில் சொல்லும் வேடிக்கை ஒன்று உண்டு: நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை நான் உங்களுக்குக் குவிட்கிளெய்ம் செய்து தரலாம், பொய் சொன்னதாக ஆகாது, பாலம் என்னுடையது என்று நான் எங்கே சொன்னேன்? அதனால் முன்பின் தெரியாதவரிடம் முழு விலை கொடுத்து வீடு வாங்குபவர்கள் இதை ஏற்கக் கூடாது என்று வக்கீல்கள் தலையில் அடித்துச் சொல்வார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வழி வேறு. அங்கே அதே பெயருள்ள பத்திரத்தில், எழுதிக் கொடுப்பவர் தன் காலத்தில் தானாக வில்லங்கம் எதுவும் ஏற்படுத்தவில்லை என்ற உத்தரவாதம் சட்டப்படியே அடங்கியிருக்கிறது. வீடு விற்பதற்கே அங்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. விவாகரத்தில் வீட்டை மனைவிக்கு விட்டு எழுதிய கணவர், அதோடு வீட்டுக் கடனும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். போகாது. பத்திரம் அவருக்கும் மனைவிக்கும் இடையில் எழுதியது, வங்கி அதில் கையெழுத்திடவில்லை. கடன் தாளில் அவர் பெயர் இருக்கும்வரை தவணை நின்றால் வங்கி அவரிடமும் வரும். வீட்டில் மட்டும் அவருக்கு ஒரு செங்கல்கூட இருக்காது.